கறையைப் பார்க்கும் முன் கல்லைப் பாருங்கள்: வீடு துடைப்பதில் வரும் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

பாத்ரூமுக்கு ஆசிட், தரைக்கு பினாயில், பாத்திரத்துக்கு சோப்பு என்று மூன்றே பொருளில் காலம் தள்ளும் வீடுகள் நிறைய. கறை போகவில்லை என்றால் நாளைக்கு வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம். கறையோடு சேர்ந்து தரையும் போய்விட்டால்தான் தொல்லை. ஆசிட் அரித்த மார்பிளை எந்தப் பாட்டிலும் பழையபடி ஆக்காது.

அதனால் எதையும் ஊற்றும் முன் இரண்டு கேள்வி. படிந்திருப்பது என்ன? எதன் மேல் படிந்திருக்கிறது? உப்புக் கறைக்கும் துருவுக்கும் புளிப்பு வேண்டும்: சிட்ரிக் ஆசிட், வினிகர், புளி. எண்ணெய்ப் பிசுக்குக்கு சோப்பு அல்லது சலவை சோடா. பூஞ்சணத்துக்கு ப்ளீச். மஞ்சளுக்கு வெயில். இது பாதிக் கணக்கு. மார்பிள், மொசைக், கடப்பா கல், ரெட் ஆக்சைடு தரை, ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றின் மேல் புளிப்பு எதுவும் படக்கூடாது என்பது மீதிப் பாதி. அவற்றில் சுண்ணாம்போ சிமென்ட்டோ இருக்கிறது. எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே அரிக்கும்.

இந்தப் பட்டியலில் கடப்பா கல்தான் பலரை ஏமாற்றுகிறது. கறுப்பாகவும் கனமாகவும் கிரானைட்டின் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அது சுண்ணாம்புக் கல், மார்பிளுக்குத்தான் சொந்தம். உங்கள் மேடை எது என்று சந்தேகமிருந்தால், கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். பொடி நுரை வந்தாலோ, துடைத்தபின் மங்கிய புள்ளி தெரிந்தாலோ, அந்தக் கல்லுக்குப் புளிப்பு ஆகாது. கிரானைட்டும் விட்ரிஃபைடு டைல்ஸும் அசையாமல் இருக்கும்.

கழுவிக்கொண்டிருக்கும்போதே கண் எரிகிறது, இருமல் வருகிறது

மற்ற எதையும் நாளை பார்த்துக்கொள்ளலாம், இதை மட்டும் முடியாது. நீச்சல் குளத்து வாடை திடீரென மூக்கில் ஏறினால், ப்ளீச்சும் ஆசிட்டும் எங்கேயோ சேர்ந்துவிட்டன. அப்போது கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். குனிந்து தேய்ப்பவரின் முகமும் அங்கேதான் இருக்கிறது.

நம் வீடுகளில் இது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ப்ளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்துப் பார்ப்பார்கள், மஞ்சள் போகாது. பொறுமை இழந்து அதன் மேலேயே கழிப்பறை ஆசிட்டை ஊற்றுவார்கள். இன்னொரு வழியும் உண்டு. கழிப்பறை கிளீனர்கள் எல்லாம் ஒரே மாதிரி வளைந்த கழுத்துப் பாட்டிலில் வருகின்றன. பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சிலவற்றில் சோடியம் ஹைபோகுளோரைட், அதாவது ப்ளீச். பாட்டிலின் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

வாடை வந்துவிட்டால் கதவைத் திறந்துகொண்டு உடனே வெளியே வாருங்கள். "ஒரு வாளி ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேன்" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்க வேண்டாம். எக்ஸாஸ்ட் சுவிட்ச் வெளியே இருந்தால் போட்டுவிடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். துணியில் தெறித்திருந்தால் கழற்றிவிட வேண்டும். இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் 108. சிலருக்கு மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரும், ஆகவே ஆஸ்துமா உள்ளவர்கள் "சரியாகிவிட்டது" என்று படுத்துவிடக் கூடாது. யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது, வரும்போதும் சுட்டுக்கொண்டே வரும். பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ப்ளீச்சுக்கு ஒரே துணை தண்ணீர். ஆசிட் மட்டுமல்ல, வினிகர், ஸ்பிரிட், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் அதோடு சேரக் கூடாது. சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்ப்பது வேறு கதை. அதில் ஆபத்தும் இல்லை, பயனும் இல்லை. ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டு, கடைசியில் மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். வீடியோவில் பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

தெருவில் வண்டியில் வரும் ஆசிட், பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தருவது, அதை வாங்கவே வேண்டாம் என்பேன். எத்தனை சதவீதம், என்ன அமிலம் என்று விற்பவருக்கே தெரியாது; குழந்தை அதை எடுத்துக் குடிப்பதற்கு அந்தப் பாட்டிலின் வடிவமே போதும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் பாட்டிலைக் கொடுக்கும்போது, "இதோடு வேற எதையும் கலக்காதீங்க" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். லேபிள் ஆங்கிலத்தில் இருக்கிறது. கையுறைகூட இல்லாமல் வேலை செய்வது அவர்தான்.

குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளைப் படலம். சோப்பு போட்டும் போகவில்லை

போர் தண்ணீர் வரும் வீடுகளில் இதற்கு விளக்கம் வேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும், தண்ணீர் காய்ந்தபின் சுண்ணாம்பாகப் படிகின்றன. சோப்பு இதன் பகையாளி இல்லை. கடின நீரில் சோப்பே திரிந்து இன்னொரு வெள்ளை அடுக்காக மேலே ஏறிக்கொள்ளும்.

அரை லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் தருவார்கள். பழைய துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, அரை மணி நேரம் விட்டு, ஸ்பாஞ்சால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஷவர் தலையை ஒரு பிளாஸ்டிக் கவரில் இந்தக் கரைசலை ஊற்றிக் கட்டிவிடலாம். கெட்டிலுக்குள் படிந்த ஓடு இதே கரைசலைக் கொதிக்க வைத்தால் கழன்றுவிடும். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டினால் போதும்.

கழிப்பறை ஆசிட்டைக் குழாயில் தடவினால் இன்னும் வேகமாகப் போகும் என்பது உண்மை. குழாயின் குரோமியம் பூச்சும் கூடவே போகும். பச்சையும் மஞ்சளுமாகப் பித்தளை எட்டிப் பார்க்கும் குழாய்களில் பல இப்படி ஆனவை. டைல்ஸுக்கு ஆசிட் ஒன்றும் செய்யாது, ஆனால் இரண்டு டைல்ஸுக்கு இடையில் இருக்கும் சிமென்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிகிறது என்று சண்டை வரும்போது யாருக்கும் ஆசிட் நினைவுக்கு வராது.

குளித்து முடித்ததும் கண்ணாடித் தடுப்பையும் குழாயையும் ஒரு துணியால் துடைத்துவிட்டால் இந்தப் பாடே இல்லை. தண்ணீர் காய்ந்தால்தானே உப்பு.

மஞ்சள் கலந்த பழுப்புக் கறை. ப்ளீச் போட்டதும் இன்னும் அடர்த்தியாகிவிட்டது

போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. வாளியின் அடியிலும் கழிப்பறையில் தண்ணீர் வழியும் தடத்திலும் படிவது துரு. ப்ளீச், கரைந்திருக்கும் இரும்பையும் துருவாக்கி அங்கேயே ஒட்ட வைத்துவிடும். அதனால்தான் போடப் போட மஞ்சள் ஏறுகிறது. வெள்ளைத் துணிக்கும் இதே கதி.

இதற்கும் புளிப்புதான் வழி. கழிப்பறைக் கோப்பை பீங்கான் என்பதால் அங்கே மட்டும் கழிப்பறை ஆசிட் சரியான ஆயுதம். தேங்கியிருக்கும் தண்ணீரை பிரஷ்ஷால் உள்ளே தள்ளிவிட்டு, விளிம்புக்கு அடியிலிருந்து ஊற்றி, 20 நிமிடம் விட்டு, தேய்த்து, ஃப்ளஷ் செய்யுங்கள். முந்தைய நாள் ப்ளீச் போட்டிருந்தால் முதலில் நாலைந்து முறை ஃப்ளஷ் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். பிளாஸ்டிக் வாளிக்கும் மக்குக்கும் சிட்ரிக் ஆசிட் போதும். செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் ப்ளீச்சையும் பினாயிலையும் தினமும் ஊற்றுவதைக் குறைத்துக்கொள்வது நல்லது. தொட்டிக்குள் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவையும் அவை கொல்கின்றன.

மொசைக் தரை மங்கிவிட்டது, சொரசொரக்கிறது

இதைக் கறை என்று நினைத்து மேலும் தேய்க்கிறார்கள். இது கறை இல்லை, அரிப்பு. மொசைக்கில் இருப்பது சிமென்ட்டுக்குள் பதித்த மார்பிள் சில்லு, இரண்டையும் ஆசிட் கரைக்கும். வெள்ளையடித்த பிறகு சிந்திய சொட்டுகளைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம் ஊரில் ரொம்ப நாள் பழக்கம். கழுவிய அன்று பளிச்சென்று இருக்கும். மேல்தோல் போனபின் அழுக்கு சீக்கிரம் பிடிக்கும். உடனே மறுபடியும் ஆசிட். இந்தச் சுழலில் சிக்கிய தரைகளுக்கு மெஷின் வைத்துப் பாலிஷ் போடும் ஆளைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மார்பிளில் எலுமிச்சைச் சாறோ தயிரோ சிந்தி விழுந்த மங்கல் வட்டத்துக்கும் இதுவே பதில்.

அன்றாடம் துடைக்க, ஒரு வாளித் தண்ணீருக்குச் சில சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். ஆத்தங்குடிக் கல்லுக்கு அதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர், எப்போதாவது துணியில் தொட்டுக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்புக்குப் பின்னால் எந்தப் பாட்டிலும் இல்லை.

சாமி அறைக் கிரானைட்டில் விளக்கெண்ணெய் ஊறிக் கறுத்த திட்டு இருந்தால், அதைத் தேய்த்து எடுக்க முடியாது. உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து கெட்டிப் பற்றாகப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒரு நாள் விட்டு, பிறகு தாளை எடுத்துக் காயவிட்டு உதிர்த்துவிடுங்கள். பழைய திட்டுக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டியிருக்கும்.

மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவந்துவிட்டது

பயப்பட வேண்டாம், ஆரத்தி கரைத்திருக்கிறீர்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் அதே வேதியியல்தான். சோப்பும் சோடாவும் சுண்ணாம்பைப் போலவே காரம். தண்ணீர் விட்டு அலசினால் சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சளாகும்.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் வெளிச்சத்தில் சிதையும். மிக்ஸி ஜார் மூடி, பிளாஸ்டிக் டப்பா, வெட்டும் பலகை இவற்றை சோப்பால் எண்ணெய் போகக் கழுவி ஈரத்தோடு மொட்டை மாடியில் வெயிலில் வைத்துவிடுங்கள். ஒரு நல்ல வெயிலில் பாதி போய்விடும். வெயில் எட்டாத சமையல் மேடைக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக் கடையில் கிடைக்கும். பஞ்சில் நனைத்துக் கறை மேல் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். முதலில் ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நிலைப்படிக்குப் பூசும் மஞ்சளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது தானாகவே வெளுக்கும். வார்னிஷ் போட்ட தேக்குக் கதவில் வழிந்ததை மட்டும் காயுமுன் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள்.

ஸ்டீல் சிங்கில் துருப் புள்ளி

"துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லித்தானே விற்றார்கள்?" அதைக் காப்பது மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலத்துக்கு எதிரி குளோரைடு: உப்பு, ப்ளீச், கழிப்பறை ஆசிட் மூன்றிலும் அது இருக்கிறது. கம்பி நாரிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்கு துருப்பிடித்து, சிங்க் துருப்பிடித்ததுபோல் காட்டுவதும் உண்டு. சிட்ரிக் ஆசிட் கரைசலைப் பத்து நிமிடம் வைத்து மெதுவான ஸ்பாஞ்சால், கோடு போகும் திசையிலேயே தேய்த்தால் துணுக்குத் துரு போய்விடும். போனபின்னும் குண்டூசி முனையளவு குழி தெரிந்தால் அது அரிப்பு; திரும்பாது.

சிங்குக்குக் கீழே அலமாரியில் ஆசிட் பாட்டில் வைத்திருக்கிறீர்களா? மூடி சரியாக இறுகாத பாட்டிலிலிருந்து வரும் புகையே மேலே உள்ள ஸ்டீலையும், கூடவே இருக்கும் கீல், தாழ்ப்பாளையும் துருப்பிடிக்க வைக்கும்.

பிசுக்கு எடுக்கப் போட்ட சோடாவில் அலுமினியம் கறுத்துவிட்டது

எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் ஏறிய பிசுக்குக்கு வெந்நீரில் சலவை சோடா கரைத்து ஊறவைப்பது நல்ல முறைதான், இறக்கை பிளாஸ்டிக்காகவோ பெயின்ட் அடித்த இரும்பாகவோ இருக்கும் வரை. அலுமினிய இறக்கை, சிம்னியின் அலுமினிய வலை, இட்லிப் பானை ஆகியவற்றைக் காரம் அரிக்கும், கறுப்பாகும். அவற்றுக்குப் பாத்திர லிக்விடும் சூடான தண்ணீரும் மட்டும். ஏற்கெனவே கறுத்துவிட்ட இட்லிப் பானைக்குள் புளியோ, பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டுக் கொதிக்கவிட்டால் வெளுக்கும். நம் பாட்டிகள் இட்லி வேகும்போதே அடித் தண்ணீரில் எலுமிச்சைத் தோலைப் போட்டது இதற்காகத்தான். ஃபேனைக் கழற்றும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பித்தளை விளக்கு புளி போட்டபின் இளஞ்சிவப்பாகிவிட்டது

புளித் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்திருப்பீர்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய், செம்பு தனியாகத் தெரியும். சபீனா, பீதாம்பரி போன்ற பொடியால் தேய்த்தால் அந்த மேல்படலம் போய்ப் பழைய நிறம் வரும். புளியைத் தடவி, தேய்த்து, சில நிமிடத்தில் அலசிவிட வேண்டும். தேய்த்த இரண்டாம் நாளே கறுக்கிறது என்றால், அலசியது போதவில்லை அல்லது ஈரத்தோடு விட்டிருக்கிறீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் சிறிது நேரம் வையுங்கள். கடையிலிருந்து வாங்கும்போதே லாக்கர் பூசி வரும் அலங்காரப் பித்தளைக்குப் புளியே வேண்டாம்.

மழைக்காலத்தில் சுவரில் கறுப்பும் வெள்ளையும்

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் வரும் இரண்டு புகார், பார்க்க ஒன்றுபோலிருந்தாலும் வேறு. வெள்ளையாகப் பொடிப் பொடியாக, பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வருவது உப்பு. தண்ணீர் தெளித்தால் கரைந்து மறையும். கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாகப் பரவுவது பூஞ்சணம். ஒரு சொட்டு ப்ளீச் விட்டால் ஓரிரு நிமிடத்தில் வெளிறும்.

உப்புக்கு எந்த கிளீனரும் மருந்தில்லை. உலர்ந்த பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்: மொட்டை மாடி விரிசலா, பக்கத்துப் பாத்ரூம் குழாயா, தரையிலிருந்து ஏறுவதா.

பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் வரும் பூஞ்சணத்துக்கு, லேபிளில் 5 சதவீதம் என்று போட்ட ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. முதலில் சோப்பால் அழுக்கைக் கழுவிவிடுங்கள், அழுக்கு இருந்தால் ப்ளீச் அதிலேயே செலவாகிவிடும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, தடவிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், வீரியம் நிற்காது. ஈரம் பட்ட ப்ளீச்சிங் பவுடரும் அப்படித்தான், வாடை போய்விட்டால் அது வெறும் சுண்ணாம்பு. பெயின்ட் அடித்த சுவரில் ப்ளீச் மேலோடு நிறத்தை மட்டும் எடுக்கும். ஈரம் இருக்கும்வரை பூஞ்சணம் திரும்பி வரும். அலமாரிக்குப் பின்னால் நாலு விரற்கடை இடம்விட்டால் காற்று போகும்.

துடைத்த தரையே காலில் பிசுபிசுக்கிறது

பினாயில் அதிகம். மூடியளவு சொன்னால் கையளவு ஊற்றுவது நமக்கு வழக்கம். வாசனை வந்தால்தான் சுத்தம் என்று மூக்கு தீர்ப்பு சொல்லிவிடுகிறது. இரண்டு நாள் வெறும் வெந்நீரில் துடைத்தால் சரியாகிவிடும். கிருமிநாசினி வேண்டும் என்றால் லேபிளில் சொன்ன அளவில் கலந்து, தரை சில நிமிடம் ஈரமாக இருக்கும்படி விட வேண்டும். துடைத்த கையோடு ஃபேன் போட்டுக் காயவைத்தால் அது கிருமியைக் கொல்ல நேரமில்லை. பூனை வளர்ப்பவர்கள் கறுப்புப் பினாயிலை விட்டுவிடுங்கள். பினால் வகைப் பொருட்களை உடைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு, தரையில் நடந்த பாதத்தை அது நக்கும்.

மரம், கண்ணாடி, டிவி

மர மேஜையில் சூடான டம்ளர் வைத்த வெள்ளை வட்டம் பாலிஷுக்குள் சிக்கிய ஈரம். மேலே பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் ஒற்றி ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் மறையும். கறுப்பு வட்டம் என்றால் தண்ணீர் மரத்துக்கே இறங்கிவிட்டது, ஆசாரிதான் வர வேண்டும்.

கண்ணாடியின் ஓரத்தில் ஊர்ந்து வரும் கறுப்பு, பின்பக்கத்து ரசம் ஈரத்தில் அரிக்கப்பட்டது. துடைத்துப் போகாது, இனிமேல் வராமல் இருக்க ஸ்பிரேயைக் கண்ணாடி மேல் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். டிவி, லேப்டாப் திரையில் காலின் மாதிரி கண்ணாடி கிளீனர் எதுவும் வேண்டாம், மேல்பூச்சு உரிந்து திட்டுத் திட்டாகிவிடும். அணைத்துச் சூடு ஆறியபின் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. விரல் ரேகை போகவில்லை என்றால் அதே துணியின் ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துகொண்டு துடைத்தால் போதும்.